கிளிஃப்டன் இடத்தில் சுவாமிநாதன்

படிவத்தில் மூன்று வரிகள்தான் இருந்தன. உறுப்பினர் ஒன்று, உறுப்பினர் இரண்டு, உறுப்பினர் மூன்று. முதல் இரண்டையும் நிரப்பக் காமாக்ஷிக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்றாவது வரியில் நாற்பது நிமிடமாக நின்றுகொண்டிருந்தாள்.

"கிளிஃப்டன்," என்றார் டெஸ்மண்ட், ஸ்பீக்கர் போனில்.

"கிளிஃப்டன் கடைசியா பாடினது எந்த வருஷம், டெஸ்மண்ட்?"

"எய்ட்டி செவன்."

"இப்போ என்ன வருஷம்?"

"சிஸ்டர், வருஷத்தை விடு. அவர் இன்னும் ராஜினாமா பண்ணலையே."

டெஸ்மண்டின் ஜமைக்கா ஆங்கிலம் காமாக்ஷிக்குப் பிடிபடவே பத்து வருஷம் ஆனது. இப்போது அவர் எந்த வார்த்தைக்குப் பிறகு மூச்சு விடுவார் என்பதுகூட அவளுக்குத் தெரியும். அப்படி ஒரு மூச்சு வந்தது. அதன் அர்த்தம், இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச மாட்டேன் என்பது.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும்தான் டைம். யோசிச்சுச் சொல்லுங்கோ," என்று போனை வைத்தாள். அன்று புதன்கிழமை.

ப்ளூஃபீல்ட்ஸ் பிரதர்ஸ் என்ற பெயரில் 1972-ல் கிங்ஸ்டனில் மூன்று பையன்கள் பாட ஆரம்பித்தார்கள். டெஸ்மண்ட் நடுவில், ஆல்வின் மேலே, கிளிஃப்டன் கீழே. மேலே, கீழே என்பது குரல்களைச் சொல்வது. ரெகே பாட்டுகள்தான், ஆனால் டான்ஸ் ஆடுகிறவர்களுக்கான பாட்டுகள் அல்ல. கடவுள், அநியாயம், சொந்த மண்ணுக்குத் திரும்புவது என்று தாடியைத் தடவிக்கொண்டு கேட்கிற பாட்டுகள். எண்பதில் மூவரும் நியூ ஜெர்சிக்குக் குடிவந்தார்கள். ஐம்பத்து மூன்று வருஷம் ஓடிவிட்டது. இப்போது நியூவார்க்கில் ஓர் அரங்கம் அவர்களைக் கௌரவிக்கப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கச்சேரி. அரங்கத்தின் முன் சுவரில் ஒரு பித்தளைத் தகடு. தகட்டில் மூன்று பெயர்கள், அதற்குத்தான் இந்தப் படிவம்.

மூன்றாவது பெயர், கிளிஃப்டன் போனதிலிருந்து அவர் இடத்தில் பாடுகிற தன் கணவர் சுவாமிநாதனுடையதாக இருக்க வேண்டும். காமாக்ஷிக்கு வேண்டியது அவ்வளவுதான். எழுபத்தேழு வயது ஆல்வினுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. இந்த வருஷத்தோடு நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டார். ஆக, பெயர் வருவதற்கு இன்னொரு சுவர் கிடைக்கப் போவதில்லை.

சுவாமிநாதன் அதே அறையில்தான் இருந்தார். வந்த தபாலைப் பிரித்து அடுக்குவதுபோல் இருந்தது. ஒரே பீட்சா கூப்பனை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கேட்டேளா?"

"என்னத்தை?"

"டெஸ்மண்ட் சொன்னதை."

"ம்."

"ம்முன்னா?"

"விடேன் காமு. எந்தப் பேர் இருந்தா என்ன?"

அந்த 'விடேன்' அவளுக்குப் புதிதல்ல. ஒவ்வொரு ரெகார்ட் வெளிவந்தபோதும் கேட்டிருக்கிறாள். முதலில் அட்டையில் பழைய படம் போட்டார்கள். எழுபத்தொன்பதில் எடுத்தது, அதில் கிளிஃப்டன் தொப்பி போட்டுக்கொண்டு சிரிப்பார். பிறகு யாரோ அது சரியில்லை என்று சொன்னதும், சுவாமிநாதனைச் சேர்த்து எடுக்காமல், மூவருக்கும் பதிலாக ஒரு சிங்கத்தைப் போட்டார்கள். ஆறு ரெகார்டுகளில் சிங்கம்தான். ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் கிளிஃப்டன் என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவனிடம் சுவாமிநாதன் போய், 'எஸ், தட் இஸ் மீ' என்று பெட்டியைக் கொடுத்திருக்கிறார். ரசிகர்கள் ஆட்டோகிராஃப் கேட்டால் 'கிளிஃப்டனுக்காக, சுவாமிநாதன்' என்று எழுதிக் கொடுப்பார். ஸ்கூல் லீவ் லெட்டரில் அப்பாக்கள் கையெழுத்துப் போடுவதுபோல.

இதெல்லாவற்றையும்விட அவளுக்கு ஆகாதது அந்த அறிவிப்பு. முதல் பாட்டு முடிந்ததும் டெஸ்மண்ட் மைக்கைப் பிடித்து, 'நம் சகோதரர் கிளிஃப்டன் இடத்தில், இன்றைக்கு மட்டும், சகோதரர் சாமி' என்பார். ஒவ்வொரு கச்சேரியிலும். எண்பத்தொன்பதில் சின்னக் குழந்தையாக இருந்த மகள் விஷாகாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஒரு கச்சேரிக்குப் போன காமாக்ஷி அதைத் தன் காதால் கேட்டாள். அதற்குப் பிறகு போகவில்லை. வீடியோ வந்த காலத்திலும் பார்க்கவில்லை.

ஆனால் குழுவின் விசா, டிக்கெட், ஹோட்டல், ஈமெயில் எல்லாம் அவள்தான். யாரும் அவளைக் கேட்டுக்கொள்ளவில்லை. தொண்ணூற்றாறில் டெஸ்மண்ட் ஒரு ஒப்பந்தத்தைத் திருப்பி வைத்துப் பதினொரு வெற்றுப் பக்கங்களை ஜெர்மனிக்கு ஃபேக்ஸ் செய்தார். அன்றைக்குப் பொறுக்காமல் அந்த மெஷினை அவர் கையிலிருந்து வாங்கினாள். அப்புறம் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

சான் ரமோனிலிருந்து விஷாகா வீடியோவில் வந்தாள். கம்பெனி மீட்டிங்குகளுக்கு நடுவில் காரில் உட்கார்ந்து சாலட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பாவுக்குச் சொல்லு. என் பேச்சைக் கேக்கமாட்டேங்கறார்."

"அம்மா, ஜஸ்ட் லெட் இட் கோ. ஹீ இஸ் ஹேப்பி."

"அவர் ஹேப்பியா இருக்கார்ங்கறதுக்காக யாரோ ஒருத்தன் பேரைச் சுவத்துல அடிக்கணுமா?"

"தென் கால் தட் கை. கிளிஃப்டன். ஆஸ்க் ஹிம் டு ரிசைன்."

விஷாகா விளையாட்டாகத்தான் சொன்னாள். அதற்குள் அவளுடைய மீட்டிங் ஆரம்பித்துவிட்டது, போய்விட்டாள். காமாக்ஷி போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். முப்பத்தெட்டு வருஷத்தில் இது யாருக்குமே தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. அதை நினைத்ததும் எரிச்சல் இன்னும் அதிகமானது.

கிளிஃப்டன் இப்போது டெக்ஸாஸில், ரிச்சர்ட்சன் பக்கத்தில் ஒரு சின்ன சர்ச்சில் பாஸ்டர் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். சர்ச்சின் நம்பரைத் தேடி எடுக்க ஐந்து நிமிடம் ஆனது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிட்டாள். போனை எடுத்தது அவரேதான். குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது. சுவாமிநாதனின் குரல் மாதிரியே இருந்ததில் ஒரு நொடி திடுக்கிட்டாள்.

"நான் காமாக்ஷி. சுவாமிநாதனோட வைஃப். நியூ ஜெர்சி."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"என் இடத்துல பாடறாரே, அவரா?"

"அவரேதான்."

"சிஸ்டர், உனக்குக் கோடி புண்ணியம். தயவுபண்ணி என் பேரை அதுலேர்ந்து எடுத்துடேன்."

காமாக்ஷி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

பாஸ்டர் கிளிஃப்டன் விட்டால் போதும் என்பதுபோல் கொட்டித் தீர்த்தார். ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒரு வெள்ளைக்காரப் பையன் பழைய ரெகார்டோடு நிற்கிறானாம். போன மாதம் ஸ்பெயினில் நீங்கள் பாடியது பிரமாதம் என்கிறானாம். ஸ்பெயினுக்கு அவர் போனதே இல்லை. சபையில் பெரியவர்கள் கூடிப் பேசி, பாஸ்டர் வாரக் கடைசியில் ரகசியமாக எங்கே போகிறார் என்று ஒரு கமிட்டி வைத்துவிட்டார்களாம். தொண்ணூற்றொன்றிலேயே டெஸ்மண்டுக்கு ராஜினாமாக் கடிதம் எழுதினாராம். இரண்டாயிரத்து நான்கில் இன்னொன்று. டெஸ்மண்ட் இரண்டுக்கும் பதில் போடவில்லை.

"ஒரு தடவை போன் பண்ணிக் கேட்டேன். 'என்னால முடியாது பிரதர், சாமிக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்'னார்."

"என்ன வாக்கு?"

"அதை அவர் சொல்லலை. உன் வீட்டுக்காரரையே கேளேன்."

பத்து நிமிடத்தில் அவருடைய ஈமெயில் வந்துவிட்டது. ஒரே வரி. 'ப்ளூஃபீல்ட்ஸ் பிரதர்ஸிலிருந்து நான் ராஜினாமா செய்கிறேன், மூன்றாவது முறையாக.'

காமாக்ஷி டெஸ்மண்டைக் கூப்பிட்டாள். அவர் முதலில் ஆல்வினின் முழங்கால் பற்றியும், பிறகு வெயில் பற்றியும் பேசினார். ராஜினாமாவைப் படித்துக் காட்டியதும் நீளமாக மூச்சு விட்டார்.

"சரி சிஸ்டர், சொல்லிடறேன். முதல் நாளே சாமி என் கையைப் பிடிச்சுண்டு கேட்டுண்டார். ஒவ்வொரு ஷோவுலயும் 'இன்னிக்கு மட்டும்'னு மேடையில சொல்லணும்னார். சொல்லலைன்னா பாட வரமாட்டேன்னார். நான் வாக்குக் கொடுத்தேன். நாங்க வாக்கு மாறமாட்டோம். நீ திட்டினதெல்லாம் எனக்குத் தெரியும். வாங்கிண்டேன்."

சுவாமிநாதன் பின்பக்கம் புல் வெட்டிக்கொண்டிருந்தார். காமாக்ஷி கதவைத் திறந்து கையை ஆட்டினாள். அவர் மெஷினை நிறுத்தவில்லை, கையை ஆட்டிவிட்டு அடுத்த வரிசைக்குத் திரும்பினார். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு போய், ஓடுகிற மெஷினுக்கு எதிரே நின்றாள். மெஷின் நின்றது.

"நீங்கதான் சொல்லச் சொன்னேளாமே."

"யார் சொன்னா?"

"எல்லாரும் சொல்லியாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

அவர் கையுறைகளைக் கழற்றினார். ஒவ்வொரு விரலாகக் கழற்றினார்.

"நீதானே சொன்னே," என்றார்.

"நானா? நான் என்ன சொன்னேன்?"

"ஈஸ்ட் ஆரஞ்ச் அபார்ட்மெண்ட்ல. பிப்ரவரி மாசம். குழந்தைக்கு ஜுரம். நீ அவளைத் தூக்கிண்டு வாசல்ல நின்னுண்டு, 'இன்னிக்கு ஒரு நாள்தான். நாளைக்கும் போறேன்னேள்னா நான் இவளைத் தூக்கிண்டு மாம்பலத்துக்குப் போயிடுவேன்'னு சொன்னே."

காமாக்ஷிக்கு ஞாபகம் வந்தது. முழுதாக வந்தது. அப்போது அவர்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஆல்வின் குடியிருந்தார். சனிக்கிழமை மதியங்களில் மூன்று பேரும் மேலே ஒத்திகை பார்ப்பார்கள். பலகைத் தரை வழியாக அது அப்படியே கீழே இறங்கும். எல்லாவற்றையும்விட அடிக்குரல்தான் நன்றாகக் கேட்கும். சுவாமிநாதன் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கூடப் பாடுவார். ஒன்றரை வருஷத்தில் எல்லாப் பாட்டும் மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைப் பாட்டிலிருந்து 'உன் குரல் தவளை மாதிரி இருக்கு' என்று துரத்தப்பட்டவருக்கு, முதன்முதலாகத் தன் குரல் போய் உட்கார ஓர் இடம் கிடைத்தது. அந்தச் சனிக்கிழமை கிளிஃப்டன் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்தார். கடவுள் கூப்பிட்டுவிட்டார், டெக்ஸாஸ் போகிறேன் என்றார். ஆறு மணிக்கு புரூக்ளினில் கச்சேரி. ஆல்வின் கீழே இறங்கி வந்து கதவைத் தட்டினார். மருந்துக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத மனுஷன், சோப்பு நுரைக் கையோடு, சரி என்று கிளம்பிவிட்டார்.

அவள் சொன்னது நிஜம்தான். குழந்தைக்கு நூற்று இரண்டு டிகிரி. வேறு என்ன சொல்லியிருப்பாள்?

"அதுக்காக?"

"அதனாலதான் டெஸ்மண்டைச் சொல்லச் சொன்னேன். ஆயிரம் பேர் முன்னாடி 'இன்னிக்கு மட்டும்'னு சொன்னா, அது பொய் ஆகாதில்லையா? வீட்டுக்கு வந்து உன்கிட்டயும் அதையே சொல்வேன்."

"முப்பத்தெட்டு வருஷமாவா?"

"நீ மாத்திச் சொல்லலையே."

காமாக்ஷிக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுத் தாமரைச்செல்வி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எனவே பல்லைக் கடித்துக்கொண்டு, "உள்ளே வாங்கோ," என்றாள்.

உள்ளே வந்தும் கத்தவில்லை. கத்த விடாமல் இன்னொன்று வந்து நின்றது. தமிழ்ச் சங்கத்தில், கோயிலில், யார் வீட்டுச் சீமந்தத்திலோ யாராவது 'உங்காத்துக்காரர் ஏதோ பேண்ட்ல பாடறாராமே' என்று விசாரித்தால், இவளே என்ன சொல்லியிருக்கிறாள்? 'அதெல்லாம் ஒண்ணுமில்லே, யாரோ வரலைன்னா சும்மா போய் நின்னுட்டு வரார்.' வருஷக்கணக்காக இதைத்தான் சொல்லி வந்திருக்கிறாள். டெஸ்மண்டைத் திட்டிக்கொண்டே, அவர் மேடையில் சொன்னதைத்தான் இவளும் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

"சரி. இப்போ மாத்திச் சொல்றேன்," என்றாள். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். "அடிங்கோ உங்க பேரை."

அவர் அடிக்கவில்லை.

"இன்னும் என்ன?"

"நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கோன்னோ."

வெள்ளிக்கிழமை முழுக்க அவர் வீட்டில் ஏதேதோ வேலை பார்த்தார். கராஜைப் பெருக்கினார். மாற்ற வேண்டாத ஃபில்டரை மாற்றினார். நாலு மணிக்கு அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டே கராஜுக்குப் போனாள். அவர் ஏணியில் நின்று பல்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இறங்குங்கோ."

"காமு, சொன்னா உனக்குப் புரியாது."

"எனக்குப் புரியாததா? பதினொரு வெத்துப் பேப்பரை ஜெர்மனிக்கு அனுப்பினவா நடுவுல நான் குப்பை கொட்டியிருக்கேன். சொல்லுங்கோ."

அவர் ஏணியிலேயே உட்கார்ந்தார்.

"ஆபீஸ்ல முப்பத்துமூணு வருஷம் என் பேர் போட்ட ஒவ்வொரு பேப்பருக்கும் நான்தான் பதில் சொன்னேன். இந்த வீட்டு லோன், கிரீன் கார்டு, விஷாகா கல்யாணம், எல்லாத்துலயும் என் பேர்தான். சனிக்கிழமை சாயங்காலம் கார்ல ஏறினா நான் யாருமில்லே. நன்னா பாடினா சந்தோஷம், தப்பாப் பாடினா கிளிஃப்டன் தலையில. அது எவ்வளவு லேசா இருக்கும் தெரியுமா? பேர் போட்டுட்டா அதுவும் என்னோடதா ஆயிடும். எழுபது வயசுல புதுசா ஒண்ணுக்குப் பொறுப்பா?"

அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். அதில் நியாயம் இருந்தது. அவளுக்கு வந்த கோபத்துக்கும் அதுதான் காரணம்.

"உங்களுக்கு லேசா இருந்தது," என்றாள். "எனக்கு?"

"உனக்கு என்ன?"

"முப்பத்தெட்டு வருஷம் சனிக்கிழமை சனிக்கிழமையா நான் ஒருத்தியா உக்காந்துண்டிருந்தேனே. விஷாகாவோட டான்ஸ் ப்ரோக்ராமுக்குத் தனியாப் போனேன். உங்கம்மா போன அன்னிக்கு நீங்க லண்டன்ல இருந்தேள். சுத்தி இருக்கறவாளுக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். அதெல்லாம் யாருக்காகப் பண்ணினேன்? கிளிஃப்டனுக்காகவா? அந்த மனுஷன் முகத்தைக்கூட நான் சரியாப் பார்த்ததில்லே. உங்களுக்குன்னு நினைச்சுண்டு பண்ணினேன். அங்கே நீங்களே இல்லைங்கறேள்."



அவர் இறங்கி வந்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கார் பானட்டின் மேல் லேப்டாப்பை வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு விரலால் ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போனது. அழித்துவிட்டு முதலிலிருந்து அடித்தார். நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினார். பிறகு மறுபடியும் ஏணியில் ஏறி, மிச்சம் இருந்த பல்பையும் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கத்துக்குள் நுழைந்ததும் காமாக்ஷி நேரே சுவரிடம் போனாள். தகடு பளபளவென்று இருந்தது. மூன்றாவது பெயர் மற்ற இரண்டையும்விட நீளமாக இருந்ததால் அதை மட்டும் கொஞ்சம் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். அதற்கும் ஒரு ஈமெயில் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு போனில் படம் எடுத்து விஷாகாவுக்கு அனுப்பினாள்.

அவளுக்கு மூன்றாவது வரிசை. பக்கத்தில் ஊதா தொப்பி வைத்த ஒரு ஜமைக்கா பாட்டி, மடியில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தாள். எழுபத்தெட்டிலிருந்து இவர்களைக் கேட்கிறாளாம். "முதல் பாட்டு முடியட்டும், அப்புறம் பாரு வேடிக்கையை," என்று காமாக்ஷியின் கையைத் தட்டினாள்.

முதல் பாட்டு முடிந்தது. டெஸ்மண்ட் மைக்குக்கு வந்தார்.

"சகோதரர்களே, சகோதரிகளே. நம் சகோதரர் கிளிஃப்டன்..."

அவர் வாய் தானாக ஓடிவிட்டது. பாதியில் நிறுத்தினார். ஆனால் அரங்கம் நிற்கவில்லை. ஐந்நூறு பேரும் ஒரே குரலில், "இன்றைக்கு மட்டும், சகோதரர் சாமி!" என்று கத்தினார்கள். கத்திவிட்டுச் சிரித்தார்கள், காலால் தரையைத் தட்டினார்கள். ஊதா தொப்பிப் பாட்டி கைத்தடியைத் தூக்கி ஆட்டினாள். இதற்காகவே வருகிறார்கள் என்று காமாக்ஷிக்கு அப்போதுதான் தெரிந்தது. எத்தனை வருஷமாகக் கத்துகிறார்களோ. அவள் திட்டித் தீர்த்த அந்த வரி இவர்களுக்கு வேடிக்கையாகிவிட்டிருக்கிறது, செல்லமும் ஆகிவிட்டிருக்கிறது.

டெஸ்மண்ட் கையைத் தூக்கினார்.

"இல்லை. கிளிஃப்டன் ராஜினாமா செய்துவிட்டார். இனிமேல் சகோதரர் சுவாமிநாதன் இந்தக் குழுவின் உறுப்பினர்."

அரங்கம் முழுக்க, "ஓ..." என்று ஒரு முனகல் எழுந்தது. கடையில் பிடித்த பிஸ்கட் இல்லை என்றால் குழந்தைகள் முனகுவார்களே, அப்படி. பின் வரிசையில் ஒருவர், "ஏன் மாத்தறீங்க?" என்றே கேட்டுவிட்டார். மேடையில் சுவாமிநாதன் உறுப்பினரான முதல் நிமிடத்தில், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் ஷூவைப் பார்த்தார்.

காமாக்ஷி எழுந்து நின்றாள். அவள் எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்றவள் அல்ல. கோபத்தில் தலை சூடாகி, ஒற்றை ஆளாகக் கை தட்டினாள். ரொட்டி மாவை அறைவதுபோல் இருந்தது சத்தம்.

"உக்காரு, உக்காரு," என்றாள் ஊதா தொப்பிப் பாட்டி. "யார் நீ?"

"நான் அவரோட மனைவி."

"கிளிஃப்டன் மனைவியா?"

"கிளிஃப்டனுக்கு டெக்ஸாஸ்ல வேற மனைவி இருக்கா. நான் அங்கே நிக்கறாரே, அவரோட மனைவி."

பாட்டி அவளை மேலும் கீழும் பார்த்தாள். மேடையைப் பார்த்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு கைத்தடியை ஊன்றி, முழங்கால் மளுக்கென்று சொடுக்க எழுந்து நின்று அவளும் தட்டினாள். பாட்டி எழுந்ததால் அந்த வரிசையும் எழுந்தது. மற்றவர்கள் எதற்கு என்று தெரியாமலேயே எழுந்தார்கள்.

அடுத்த பாட்டில் காமாக்ஷி அவர் குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்கப் பார்த்தாள். முடியவில்லை. டெஸ்மண்ட் கேட்டார், ஆல்வின் உச்சியில் கேட்டார். இவரைக் காணவில்லை. நடுவில் ஒரு தடவை சுவாமிநாதன் மூச்சு வாங்கத் தலையைத் திருப்பினார். அந்த அரை நொடி பாட்டு மொத்தமும் மாடிப்படியில் ஒரு படி இல்லாத மாதிரி தடுக்கியது. உடனே சரியாகிவிட்டது. இவ்வளவுதானா, இதற்காகவா என்று அவளுக்கு மறுபடியும் எரிச்சல் வந்தது. ஆனாலும் மிச்சக் கச்சேரி முழுக்க அவர் அடுத்து எப்போது மூச்சு வாங்குவார் என்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு டெஸ்மண்ட் கூப்பிட்டார். காமாக்ஷி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சிஸ்டர், வியாழக்கிழமை பத்து மணிக்கு ரிஹர்சல். ஆல்வின் வீட்டுல."

"இவ்வளவு நாள் ரிஹர்சலுக்குக் கூப்பிட்டதே இல்லையே."

"அப்போ அவர் மெம்பர் இல்லை. மெம்பர் ரிஹர்சலுக்கு வரணும். அது ரூல்."

"என்ன ரிஹர்சல்? ஆல்வின் இந்த வருஷத்தோட நிறுத்தறார்னேளே."

"அதை மெம்பர்கள் ஓட்டுப் போட்டு முடிவு பண்ணணும். ஆல்வின் நிறுத்தலாம்னு போட்டார். பிரதர் சாமி வேண்டாம்னார். நானும் வேண்டாம்னேன். ரெண்டுக்கு ஒண்ணு."

காமாக்ஷி திரும்பிப் பார்த்தாள். சுவாமிநாதன் தட்டில் இருந்த தோசையை ரொம்பக் கவனமாகப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"எப்போ போட்டேள் ஓட்டு?"

"நேத்து. பார்க்கிங் லாட்டுல."

"என்கிட்ட ஒரு வார்த்தை?"

"நீ காரைத் திருப்பிண்டிருந்தே."

"வியாழக்கிழமை பத்து மணிக்கு உங்களுக்குக் கண் டாக்டர் அப்பாயிண்ட்மெண்ட். நாலு மாசம் முன்னாடி வாங்கினது."

"மாத்த முடியுமான்னு கேட்டுப் பாரேன் காமு," என்றார். 'விடேன்' என்று சொல்லவில்லை. "நான் போகலைன்னா ஆல்வின் மறுபடியும் ஓட்டுக் கேப்பான்."

தோசை ஓரத்தில் கருகத் தொடங்கியிருந்தது. அடுப்பை அணைத்தாள். டெஸ்மண்ட் இன்னும் லைனில் இருந்தார். மார்ச் மாதம் போர்ச்சுகலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஆரம்பித்தார். "ஈமெயில் அனுப்புங்கோ, பார்க்கலாம்," என்று போனை வைத்துவிட்டு, கண் டாக்டர் ஆபீஸைக் கூப்பிட்டாள். இருபது நிமிடம் காக்க வைத்துப் பியானோ கேட்கவிட்டு ஒரு பெண் லைனுக்கு வந்து, பேஷண்ட் பேர் என்ன என்று கேட்டாள்.

காமாக்ஷி சொன்னாள். மறுமுனையில் புரியவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.